சுதாகரன் கொடுக்காத இரத்தம்

செய்தி வந்தபோது பகல் பதினொரு மணி. லோஜினியின் இடது கையில் ஊசி ஏறியிருந்தது.

கொழும்பில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவச் சோதனை செய்யும் நிலையம் அது. வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், வரிசையாகப் பெண்கள், எல்லாருடைய சட்டைக் கையும் முழங்கைக்கு மேலே சுருட்டப்பட்டிருந்தது. முதல் குப்பி நிரம்பி, தாதி இரண்டாவதைச் செருகும்போது மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. தம்பி உதயரூபன்.

"அக்கா... மச்சான் போயிட்டாரு."

"எங்க போனாரு?" என்று கேட்டாள் லோஜினி. இடுப்பெலும்பு நொறுங்கி, மட்டக்களப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரளவும் முடியாமல் கிடக்கிற மனிதன் எங்கே எழுந்து போவான் என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மறுமுனையில் உதயரூபன் சொல்லில்லாமல் கத்தத் தொடங்கினான். கத்தி விழுந்த மாட்டின் கத்தல். லோஜினி எழுந்தாள். ஊசி பிய்ந்துகொண்டு வந்தது. தாதியின் வெள்ளைச் சட்டையில் இரத்தம் ஒரு கோடாகத் தெறித்தது. தாதி சிங்களத்தில் ஏசியபடி பஞ்சை நீட்டினாள். லோஜினி அதை வாங்கவில்லை. விரல் நுனியால் சொட்டச் சொட்டப் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

புருஷனிடம் அவள் சொல்லிவிட்டு வந்தது வேறு கதை. "காப்புறுதிக் கந்தோருக்குப் போறன். கொழும்பில நேர போய்க் கேட்டாத்தான் சரிவரும்" என்றிருந்தாள்.

"காப்புறுதிக்கு வாற நஸீறாத் தங்கச்சியயும் கூட்டிப் போ. அதுக்குச் சிங்களம் தெரியும்" என்றான் அவன். பிறகு, "பஸ்ஸில யன்னல் பக்கம் இரி, நீ சத்தி எடுப்பாய்" என்றான். அவர்கள் கடைசியாகக் கதைத்த கதை அவ்வளவுதான்.

*

சுதாகரன் வெல்லாவெளியில் பிறந்து, கரடியனாற்றில் லோஜினியைக் கட்டி, அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டோடு வந்து சேர்ந்தவன். தொழில் மரம் அறுப்பது. மெஷின்வாள் ஒன்று, அதில் மாற்றி மாற்றிப் பூட்டும் பல்லுச் சங்கிலி இரண்டு, ஒரு சுருள் கயிறு, ஒரு பழைய மோட்டார்சைக்கிள். வளவுக்குள் சரிந்த மா, கூரைமேல் சாய்ந்த தென்னை, மின்கம்பியில் தொங்கும் வாகை என்று எது விழப்போகிறதோ அங்கே அவனைக் கூப்பிடுவார்கள். ஆளை ஊரில் "மெஷின் சுதா" என்றால்தான் தெரியும்.

அவனை அடிக்காத சாமான் இல்லை. பன்னிரண்டு வயதில் மாடு சாய்த்துக்கொண்டு போகும்போது விழுந்த ஷெல்லில் தகப்பன் வயிறு கிழிந்து செத்தார். அவனுடைய முதுகில் ஒரு பீஸ் ஏறியது. அடுத்த வருடம் பாதையில் வெடித்த கண்ணியில் தொடையில் இன்னொன்று. இரண்டையும் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். மழை வரும் முன்னம் அவை குத்தும். "சாமத்தில மழ, உடுப்ப எடு" என்பான். வானொலியை விட அவன் சொல்வது சரியாக இருக்கும்.

கை நீட்டுகிற குணமும் இருந்தது. கலியாணம் கட்டிய முதல் வருடம் கறியில் உப்பு என்று லோஜினிக்கு ஒரு அறை விட்டான். அப்போது மீசைகூட முளைக்காத உதயரூபன் அடுப்படிக்குள் கிடந்த தென்னம் மட்டையை எடுத்து ஒரு போடு போட்டான். மூக்கெலும்பு உடைந்தது. இரத்தம் ஒழுக ஒழுகச் சுதாகரன் முற்றத்தில் குந்தியிருந்து, மைத்துனனை மேலும் கீழும் பார்த்தான்.

"கையில நல்ல பலமிரிக்கி. கயிறு இழுக்க வாறியாடா?"

அன்று தொடங்கியது அந்தக் கூட்டு. பிறகு ஒருநாளும் அவன் லோஜினியின்மேல் கைவைக்கவில்லை. கோபம் வந்தால் சாமான்களுக்குத்தான் அடி விழும்.

நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்த வருடம், ஒரு வளவில் சாய்ந்து நின்ற மருதமரத்தை அறுக்கும்போது அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலே கிளம்பி அவனுடைய காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, டொக்டர்மார் இருந்தார்கள், காலுக்குள் வைக்கிற பிளேட்டு மட்டும் இல்லை. அதை வெளியே வாங்க வேண்டும். வாங்குவதற்கு லோஜினி குவைத்துக்குப் போனாள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு முகவர்கள் முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் அவன் எழும்பி நடந்தான்.

அவள் அங்கிருந்த காலத்தில் மகள் விதுர்ஷா பெரியபிள்ளையானாள். தாயில்லாத வீட்டில், கம்பு ஊன்றிய தகப்பன் அயல்வீட்டுப் பெண்களைக் கூப்பிட வேலியோரம் போய் நின்றான். ஒப்பந்தம் முடிந்து லோஜினி வந்தபோது, அவளுடைய வலது முன்கையில் கப்பல் முனை போன்ற ஒரு தழும்பு இருந்தது.

"என்ன கா இது?" என்று கேட்டான் சுதாகரன்.

"அயன்பெட்டி."

"கை தவறிப் பட்டதா?"

அவள் சட்டைக் கையை இழுத்துத் தழும்பை மூடினாள். அவன் உள்ளே போய்த் தங்கள் வீட்டு அயன்பெட்டியை எடுத்து வந்து, அம்மிக்கல்லில் வைத்து, கோடரியின் பின்பக்கத்தால் அடித்தான். தகடு தகடாகப் போகும்வரை அடித்தான். விதுர்ஷா அழுதாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "இனி நீ போறதில்ல. நான் நாளைக்கு ரெண்டு காலும் முறிஞ்சு கிடந்தாலும் நீ போறதில்ல. அதுக்கு என்ன வழியிரிக்கோ அத நான் தேடுறன்."

வழி என்று அவன் கேள்விப்பட்டிருந்தது ஒன்றே ஒன்று: காப்புறுதி. ஆஸ்பத்திரிச் செலவை வேறொருவன் கட்டுவான் என்றால், பெண்டாட்டி விமானம் ஏறத் தேவையில்லை.

*

முதலில் பிரதேச செயலகத்துக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், இருக்கச் சொன்னார்.

"தொழில்?"

"மரம் அறுக்கிற."

"வயல் கமமா, மீன்பிடியா?"

"ரெண்டுமில்ல ஐயா. மரம்."

"கமக்காரருக்கு ஒண்டு இரிக்கி. மீன்பிடிக்கும் இரிக்கி. அரசாங்க உத்தியோகத்தருக்கு வேற. சுயதொழில் எண்டா வயசுபோன பிறகு மாதாமாதம் எடுக்கிறதுக்கு ஒரு திட்டம் இரிக்கி."

"வயசு போகுமட்டும் நான் இரிக்கணுமே ஐயா. அதுக்குத்தான் கேக்கன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். உத்தியோகத்தரும் சிரித்துவிட்டு, தனியார் கொம்பனிகளைக் கேட்டுப்பாருங்கள் என்றார்.

ஒரு கொம்பனியில் "மெஷின்வாள்" என்ற சொல்லைக் கேட்டதுமே பைலை மூடிவிட்டார்கள். இன்னொன்றின் ஆள் என்று சொல்லிக்கொண்டு, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வீடு தேடி வந்து, முதல் தவணையை வாங்கிக்கொண்டு போனான். பிறகு அவனுடைய போன் வேலை செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து செங்கலடிச் சந்தியில் தேநீர்க்கடை வாசலில் சுதாகரன் அவனைக் கண்டான். கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுருட்டி, மாட்டை இழுப்பதுபோல் தெருவைக் கடத்திக் கொண்டுபோய் வடிகானுக்குள் தள்ளினான். எழும்ப எழும்பச் செருப்பால் அடித்தான்.

"அண்ணே, பொலிசுக்குப் போவன்!"

"போ. எந்தக் கொம்பனி எண்டு அங்க சொல்லு. எனக்கும் தெரியணும்."

சனம் பிடித்து விலக்கும்போது கழுத்துப்பட்டிக்காரனுடைய உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. பணம் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்று பார்த்த ஒரு பெண், மறுநாள் விசாரித்துக்கொண்டு கரடியனாற்றுக்கு வந்தாள். ஏறாவூர் நஸீறா. கழுத்தில் கொம்பனி அடையாள அட்டை, கையில் தடித்த பை.

"அடிக்கிற எண்டா இப்பவே அடிச்சுப் போட்டு விடுங்க அண்ணன். மறுகாக் கதைப்பம்" என்றாள் வாசல் படலையில் நின்றபடியே.

லோஜினி வெடித்துச் சிரித்தாள். அவள் குவைத்திலிருந்து வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. தேத்தண்ணி வந்தது. நஸீறா கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உடம்புக்குள்ள கம்பி, தகடு, உலோகம் எதுவும் இரிக்கா?"

"இரிக்கி. ரெண்டு பீஸ், ஒரு பிளேட்டு."

"பீஸா? என்ன பீஸ்?"

"ஒண்டு ஆமிட. மத்தது இயக்கத்துட. பிளேட்டு மட்டும் பொண்டாட்டிட."

நஸீறாவின் பேனா நின்றது. சிரிப்பதா வேண்டாமா என்று லோஜினியைப் பார்த்தாள்.

"எழுதுங்க தங்கச்சி. ஒளிச்சா நாளைக்குத் தரமாட்டாங்க."

"ஓமண்ணன். ஒளிக்கப்படா. மேலதிகமா ஒரு தொக கேப்பாங்க, ஆனா எடுப்பாங்க. மரம் அறுக்கிற ஆக்களுக்கும் எங்கட கொம்பனி குடுக்கிது. ஒரே ஒரு சோதினதான். ரெத்தம், சலம், நெஞ்சுப் படம். ரிப்போட் போய் ஒரு கிழமைக்குள்ள நடைமுறைக்கு வந்திரும். கொம்பனி வாற வியாழக்கிழம நாள் தந்திரிக்கி. வெறும் வயித்தோட ஏறாவூருக்கு வாங்க."

சுதாகரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வியாழன் ஏலா. புதன்கிழம காப்புக் கட்டுறன்."

ஊரில் கண்ணகை அம்மனுக்கு வைகாசிச் சடங்கு. கோயில் கதவு திறந்து, கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை, காப்பு நூல் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்ட மாட்டார்கள், முடி வெட்ட மாட்டார்கள், உடம்பில் இரத்தம் காட்ட மாட்டார்கள்.

"ஒரு சின்னக் குப்பி ரெத்தந்தானே அண்ணன்?"

"அம்மாட நாள்ல நகம்கூட வெட்டமாட்டம் தங்கச்சி."

நஸீறா பெருமூச்சு விட்டாள். "எங்கட ஆக்களும் நோம்போட ஊசி போடமாட்டம் எண்டுதான் நிப்பாங்க. சரி, குளிர்த்தி முடிஞ்ச அடுத்த நாளைக்கு வேற நாள் கேட்டுப்பாக்கன்."

அவளுடைய ஸ்கூட்டிச் சத்தம் தேயும்வரை லோஜினி பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"கோயில் எங்கயும் ஓடிப்போகாது. இந்த வருசம் காப்பு வேணாம். போய் ரெத்தத்தக் குடுங்க."

"நீ குவைத்தில இரிக்கக்குள்ள நான் ஆருட்டப் போய் நிண்டன்? நீ உசிரோட வந்தா காப்புக் கட்டி, கலியாணக்கால் மரத்துக்கு நானே கத்தி வைப்பன் எண்டு நேந்தன். வந்தியா, இல்லியா?"

"வந்தன். மறுகாப் போகாம இரிக்கத்தான் இதக் கேக்கன்!"

அவன் காலால் உதைத்த உதையில் தண்ணீர்ப் பீப்பாய் உருண்டு வேலியை உடைத்துக்கொண்டு போனது. முற்றமெல்லாம் சேறு. அவள் அந்தச் சேற்றுக்குள் நின்று, "உதைங்க, இன்னும் உதைங்க. வீட்டையும் உடைங்க" என்று கத்தினாள். புதன்கிழமை அவன் காப்புக் கட்டினான். அம்மனின் கலியாணத்துக்குக் கோயிலில் நடுகிற கலியாணக்காலை மெஷின் தொடாமல் கத்தியால் வெட்டினான். சனத்துக்கு நடுவில் நின்று லோஜினியும் கும்பிட்டாள். வேறு என்ன செய்வாள்?

*

குளிர்த்தி முடிந்து காப்பு அவிழ்த்த மறுநாள் காலை, அவன் வெறும் வயிற்றோடு முற்றத்தில் இருந்தான். ஏறாவூரில் சோதனை நிலையம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது, பீடியும் கூடாது. கை சும்மா இருக்க மாட்டாமல், சங்கிலி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொடங்கிய பல்லில் சிவப்புச் சோக்கால் ஒரு அடையாளம் போட்டு, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது உன்னிச்சைப் பக்கத்திலிருந்து அருமைநாயகத்தாரின் அழைப்பு வந்தது. அந்த வயல் வட்டைக்குப் பொறுப்பான விதானை அவர். விடியப்புறம் யானைகள் ஒரு மரத்தைத் தள்ளி மின்வேலியின்மேல் போட்டிருக்கின்றன. கம்பி நிலத்தில் கிடக்கிறது. நெற்பயிர் கதிர் கட்டும் குடலைப் பருவம். மரத்தை எடுத்து வேலியை நிமிர்த்தாவிட்டால் அன்றைக்கே வட்டை முழுவதும் யானைகள் மிதித்துச் சப்பையாகிவிடும்.

"ஒரு துண்டு அறுத்துப்போட்டு அப்பிடியே ஏறாவூருக்குப் போறன்" என்றான் சுதாகரன். மடியில் இருந்த சங்கிலியை அடுப்படிச் சுவர் ஆணியில் கொழுவிவிட்டு, மற்றதை வாளில் பூட்டினான்.

"சாப்பிடாம மெஷின் பிடிக்கிறதா?"

"சாப்பிட்டா ரெத்தம் எடுக்கமாட்டாங்களே. நீ வெளிக்கிட்டு நில்லு, வந்து ஏத்திப் போறன்."

லோஜினி சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

மெஷின்வாள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் பிடித்திருப்பவனுக்குக் கேட்காது. உதயரூபன் மரத்தின் மறுமுனையில் கயிற்றோடு நின்றான். பற்றைக்குள் ஈரம் சொட்டும் கறுப்பாக ஒன்று அசைவதை அவன்தான் கண்டான். கத்தினான். கயிற்றை உதறினான். சுதாகரன் குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தான். கூட்டத்தோடு போகாமல் பின்தங்கி நின்ற தனியன் யானை. சத்தம் போடாமல் வந்தது. தும்பிக்கையால் இடுப்பில் சுற்றி, அறுத்துப்போட்ட நெல் உப்பட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி, வேலிக் கட்டையில் அடித்தது. நிலத்தில் விழுந்தவனின் இடுப்பில் காலை வைத்தது. எலும்பு உடைந்த சத்தம் கயிற்றின் மறுமுனையில் நின்றவனுக்குக் கேட்டது. வாள் புல்லில் கிடந்தது. சங்கிலி நின்றுவிட்டது, இயந்திரம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

உதயரூபன் யானை வெடியைக் கொளுத்தி எறிந்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவது கையிலேயே வெடித்து அவனுடைய உள்ளங்கையைக் கிழித்தது. யானை தலையை உதறிக்கொண்டு பற்றைக்குள் திரும்பியது.

உழவு மெஷின் பெட்டியில் வைக்கோல் போட்டு ஏற்றிக்கொண்டு வரும்போது சுதாகரனுக்கு நினைவு இருந்தது. வரம்பில் சில்லு ஏறியிறங்கும் ஒவ்வொரு தரமும் கத்தினான். கத்தலுக்கு நடுவில் மைத்துனனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"டேய். வெறும் வயிறுதான்டா. நேர அங்க விடு. எடுக்கட்டும்."

"கதையாதங்க மச்சான்."

"இவ்வளவும் சும்மாதானே ஊத்துது. ஒரு குப்பி பிடிக்கச் சொல்லு."

*

ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றுகொண்டு லோஜினி நஸீறாவுக்குப் போன் எடுத்தாள்.

"தங்கச்சி, அது நடைமுறைக்கு வந்திட்டா?"

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். "இல்லக்கா. ரெத்த ரிப்போட் போகாம அது வெறும் கடதாசிதான். அல்லாஹ்மேல ஆணையா எனக்கு ஏலுமெண்டா..."

"நீங்க என்ன செய்வீங்க தங்கச்சி. அழாதங்க."

டொக்டர்மார் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். இடுப்பை இழுத்துக் கட்டுகிற கம்பிக்கூடு வெளியே வாங்க வேண்டும் என்றார்கள். யானை அடித்ததற்கு அரசாங்கம் நட்டஈடு தரும். ஆனால் விண்ணப்பம் போய்வர மாதக் கணக்காகும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கட்டிலில் கிடந்தவனுக்கு மாதங்கள் இல்லை. லோஜினி பழைய முகவரைத் தேடிப் போனாள். அவன் அவளுடைய கைத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இந்த முறை நல்ல வீடு பாத்துத் தாறன்" என்றான். மருத்துவச் சோதனை சரிவந்தால் அடுத்த நாளே முன்பணம். அப்படித்தான் அவள் கொழும்புக் கதிரையில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். அங்கிருந்துதான், சுருட்டிய கையோடு, பஸ் ஏறித் திரும்பி வந்தாள். யன்னல் பக்கம்தான் இருந்தாள்.

சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது அவள் ஒப்பாரி வைக்கவில்லை. ஆணியில் கிடந்த அவனுடைய சட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள், பல்லால் கடித்தும் கிழித்தாள். பெண்கள் நாலுபேர் சேர்ந்து கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. விதுர்ஷா தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நீங்க போகப்படா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"போகல்ல புள்ள" என்றாள் லோஜினி. "இனி எதுக்காகப் போறது?"

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாளில், கைப்புண் காயாத உதயரூபன் மெஷின்வாளைத் துடைத்து மோட்டார்சைக்கிளில் கட்டினான். இப்போது அந்த வீட்டில் உழைக்கிற ஆம்பிளை அவன்தான். லோஜினி படலையை மறித்து நின்றாள்.

"மெஷின இறக்கி வை. சாப்பிட்டியா?"

"இல்ல."

"நல்லம். ஏறாவூருக்கு வா. ரெத்தம் குடுக்கணும்."

"துடக்கோடயா அக்கா? முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும். செத்த வீட்டு உடம்போட எப்பிடி..."

அவள் அடித்தாள். கன்னத்தில் விழுந்த அடியில் அவன் மோட்டார்சைக்கிளோடு சாய்ந்து வேலியில் முட்டினான். அவனைத் தூக்கி வளர்த்தவள், ஒருநாளும் அடித்ததில்லை.

"அவர் காப்பெண்டாரு. நீ துடக்கெண்டாய். அடுத்த பெட்டிய ஆர்ரா தூக்கிற?"

உதயரூபன் கன்னத்தைத் தடவிக்கொண்டு மெஷினை இறக்கினான். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏறாவூருக்கு ஓட்டினான். சோதனை நிலைய வாசலில் நஸீறா நின்றாள். அவனுடைய கையில் ஊசி ஏறியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லோஜினி திருப்பவில்லை. குப்பியின் அடியிலிருந்து சிவப்பு ஏறி ஏறி விளிம்புக் கோட்டைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாதக் கடைசிக்குள் உதயரூபனின் பேருக்குக் காப்புறுதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

இப்போது அவன்தான் வேலைக்குப் போகிறான். உன்னிச்சையிலிருந்து எடுத்துவந்த சங்கிலிதான் வாளில் ஓடுகிறது. மற்றது அடுப்படிச் சுவரில், சுதாகரன் கொழுவிய ஆணியிலேயே தொங்குகிறது. சிவப்புச் சோக்கு அடையாளத்திலிருந்து ஒரு பக்கம் பற்கள் மினுங்குகின்றன. மறுபக்கத்துப் பற்கள் தீட்டப்படவில்லை.